பக்கம் புரண்டபோது

ரெலாவில் பதினோராம் மாடி.
விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம்
சன்னல் கண்ணாடி நடுங்கும்.
அந்த நடுக்கத்துக்கு மேல் குரலை ஏற்றி
முயல் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள் லோஷினி.
பிசகே இல்லை.
மூன்றாம் ஆண்டுப் பிள்ளை, எங்களிடம் வந்து ஐந்தே வாரம்.
நான் சகாயத்தைப் பெருமையாய்ப் பார்த்தேன்.

மின்விசிறி பக்கத்தைப் புரட்டிப் போட்டது.
இப்போது வேறு பாடம். தபால்காரர், சைக்கிள்.
அவள் குரல் புரளவில்லை.
முயல் புதருக்குள் ஓடியது,
வால் மட்டும் வெளியே தெரிந்தது,
தபால்காரர் முகத்தின் மேல்
விரல் நகர்ந்துகொண்டே இருந்தது.

சகாயம் எழுந்து விசிறியை நிறுத்தினார்.
நான், கெட்ட புத்தி,
"இதை வாசி" என்றேன்.

அவள் பார்த்த பார்வை:
பையை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்கிற பார்வை.
எங்களுக்கு முன் இரண்டு வீடுகள்.
இலாகா அதிகாரி தந்த கோப்பில்
"ஒத்துழைக்கும் குழந்தை" என்று இருந்தது.
ஒத்துழைப்பது இதுதான் போல:
ஒரு புத்தகம் முழுவதையும்
பக்கத்து நாற்காலிப் பிள்ளையின் வாயிலிருந்து
காதால் களவாடி வைத்திருப்பது.

அடுத்த இரண்டு மாதம் நான் நல்லவள் இல்லை.
அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.
இரண்டு சுழியா மூன்று சுழியா என்று
நான் போட்ட சத்தத்தில்
கீழ்மாடி மிசஸ் ஓங் வந்து கதவைத் தட்டினார்.
குமுதினி டீச்சர் சிவப்பு மையில் எழுதியனுப்பினார்:
கவனம் போதாது.
யாருடைய கவனம் என்று எழுதவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பூதக்கண்ணாடிக்குக் கீழே
மின்பலகை பார்ப்பது என் வேலை.
கோணலாய் உட்கார்ந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர்.
ஒரு ஷிஃப்டுக்கு முந்நூறாவது ஒட்டும் கை.
அதே கையோடுதான் வீட்டுக்கு வந்து
அவள் நோட்டைத் திறக்கிறேன் என்பது
ஒரு வியாழக்கிழமை, கம்பெனி பஸ்ஸில், உறைத்தது.
(அவள் பலகை இல்லை. தெரியும்.
தெரிந்திருந்தும்.)

அன்று மேசையில் புத்தகம் வைக்கவில்லை.
வேலையிடத்தில் மீந்த செப்புக்கம்பி, ஒரு சுருள்.
தன் பெயரின் 'லோ'வை வளைத்துக்கொண்டே கேட்டாள்:
"ஆன்ட்டி, 'ஓ' பின்னாலதானே கேக்குது,
கொம்பு மட்டும் ஏன் முன்னாடி நிக்குது?"

எனக்கு நாற்பத்திரண்டு வயது.
இந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை.
"தெரியலம்மா" என்றேன்.
அவள் தோள் இறங்கியது,
கயிறு அவிழ்ந்த மூட்டை மாதிரி.
இந்த வீட்டில் தெரியாது என்று சொல்லலாம்.

அதற்கப்புறம் அவள் வழி.
முன்னால் ஒரு விரல் இடம் விடுவாள்.
ல எழுதுவாள், காதுக்கு முதலில் கிடைப்பது அதுதான்.
பிறகு துணைக்கால்.
கடைசியில் திரும்பி வந்து
விட்டுவைத்த இடத்தில்
இரட்டைக்கொம்பை நட்டுவைப்பாள்.

வரிசை தவறு என்றார் டீச்சர்.
எழுதி முடிந்த எழுத்தைப் பார்த்து
எது முதலில் வந்தது என்று
யாரால் சொல்ல முடியும் என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பரீட்சையில நேரம் பத்தாதே" என்றார்.
அதுவும் உண்மை.

தமிழில் முப்பத்தொன்று.
மருத்துவமனைப் பரிசோதனைக்கு
மார்ச்சில் தேதி தருவார்களாம்.

நேற்று ராத்திரி விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் நிறுத்தவில்லை.
தபால்காரர் பாடம்.
அரிசியில் கல் பொறுக்குவது போல
ஒவ்வோர் எழுத்தாய்.
மூன்றாம் வரியில் பக்கம் புரண்டது.

அவள் நின்றாள்.
பாதிச் சொல்லில், வாய் திறந்தபடி.

"இருங்க, எங்கயோ போயிடுச்சி"
என்று பக்கத்தைத் தேடினாள்.

இருந்தோம்.